மாறக் கூடாத வாத்தியார்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

நான் நலம். முழங்கால் வலி நீங்கலாக உங்கள் அக்காவும் நலம். அங்கேயும் எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பொறியியல் படிப்பைச் சீர்திருத்த எங்கள் கல்லூரிக்கு நிதி கொடுத்த குழுவில் நீங்களும் ஒருவர். அக்கா வீட்டுக்காரர் அங்கேதானே குப்பை கொட்டுகிறார், ஒரு வார்த்தை கேட்போம் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. போகட்டும். திட்டத்தை நடத்துவது என் பழைய மாணவி, இப்போது எங்கள் துறையிலேயே பேராசிரியை. அவள் வகுப்பில் மேடையைப் பெயர்த்துவிட்டார்கள். நாற்காலிக்கெல்லாம் சக்கரம். பாடம் நடத்த வேண்டியவள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி வருகிறாள், பிள்ளைகள் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கிறார்கள், இதற்குப் பெயர் கற்பித்தலாம். என் வகுப்பில் மட்டும் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கேட்டால், "சார், நீங்க எதையும் மாத்தாம எப்பவும் போலவே நடத்தணும். திட்டமே உங்களை நம்பித்தான் இருக்கு" என்றாள். உச்சி குளிர்ந்துபோய் வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் அக்கா காய் நறுக்கிக்கொண்டே, "புது மருந்து வேலை செய்யுதான்னு பாக்க, பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரைத் தண்ணி குடுப்பாங்களே, அந்தத் தண்ணிதான் நீங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பார்த்தால் கடைசி பெஞ்சில் திட்டத்து ஆள் ஒருவன் உட்கார்ந்து, எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று குறிக்கிறான். ஆக, அறிக்கையில் நான்தான் உருப்படாத பழைய முறை என்று அச்சாகப் போகிறது. ஓய்வு பெறுகிற வருஷத்தில் எனக்கு இது தேவையா? வந்ததே கோபம். அவன் வருவதை நிறுத்தியதும் நானும் நோட்ஸ் சொல்வதை நிறுத்தினேன். பழுதான பம்பு ஒன்றை மேஜையில் வைத்து, "என்ன கோளாறுன்னு நீங்களே கண்டுபிடிங்க, என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பருவம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். அது சீர்திருத்தம் இல்லை, வீம்பு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆகவே அடுத்த தவணை நிதியை உடனே நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், இன்ஜினியரிங் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அந்தப் பழைய மாணவியே வீட்டுக்கு வந்துவிட்டாள். தேர்வு முடிவு வந்துவிட்டதாம். என் வகுப்பும் அவள் வகுப்பும் ஒரே அளவு தேர்ச்சி. "புது முறையால வித்தியாசமே இல்லன்னு ஆயிடுச்சு சார். நிதியை நிறுத்திடுவாங்க. நீங்க அவ்வளவு நல்லா நடத்தியிருக்கீங்க" என்று கண் கலங்கினாள். அவளுக்கு என் மேல் துளிக் கோபம் இல்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுத் தள்ளுங்கள். என் வகுப்பில் பழைய முறை நடக்கவே இல்லை என்று குழுவிடம் சொல்லுங்கள், அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நிதி நிற்கக் கூடாது. பழைய முறைக்கு ஒப்பிட ஏதாவது வேண்டுமென்றால், முந்தைய வருஷங்களில் என் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கல்லூரியில் கேட்டால் கொடுப்பார்கள். என் பெயரைப் போட்டே அச்சடிக்கட்டும்.