குடும்பத்தில் உள்ளோர் எண்ணிக்கை

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவன் நலம். அங்கே நீங்களும் உங்கள் மகளும், மொட்டை மாடிப் பூந்தொட்டிகள் உட்பட மற்ற எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். "அது எரியுதும்மா, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று உங்கள் மகளிடம் பேரம் பேசுவதாகக் கேள்வி.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை நீங்களே பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். பேப்பர் வாசிப்பதுபோல் உங்கள் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லக் கூடாது. போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள்; நான் இங்கே ஒரு தும்மல் போட்டால் அங்கே எதிர் வீட்டிலிருந்து "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று குரல் வருகிறது. அதனால்தான் கடிதம்.

போன வாரம், "மாப்ளே, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. இனிமே நான் தனியாச் சமாளிச்சுக்குவேன். இவளை உங்ககிட்ட அனுப்பி வைக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நான் போனை வைத்தேன். பஸ் எதுவும் வரவில்லை. யோசிக்க வேண்டியிருந்தது. இப்போது யோசித்துவிட்டேன் மாமா. அனுப்ப வேண்டாம். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நீங்கள் வங்கி வரைக்கும் போய்வந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தது. நீங்களும் கூட வந்துவிடலாம் என்றால், கல்யாண வீட்டில்கூடச் சாப்பிட்ட கையோடு 'வீடு பூட்டியிருக்கு' என்று கிளம்புகிற ஆள் நீங்கள். ஆகவே அவள் உங்களோடேயே இருக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஆள் அம்புக்குப் பஞ்சமும் இல்லை. அதை நிரூபிக்கத்தான் நான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த கதையை எழுதுகிறேன். இதில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று நீங்களே பாருங்கள்.

அங்கே வேலை பார்த்த காலத்தில் வரி என்பது எனக்கு ஒரு பென்சில் குறி. கம்பெனிக் கணக்கர் எங்கே பெருக்கல் குறி போட்டுக் கொடுக்கிறாரோ அங்கே கையெழுத்துப் போடுவேன், அவரும் "ஆச்சு, போங்க" என்பார், அத்தோடு அரசாங்கத்துக்கும் எனக்கும் இருந்த பேச்சு வார்த்தை முடிந்தது. இந்த நாட்டில் அப்படி இல்லை. சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவனும் தன் கதையைத் தானே எழுதி ஒப்படைக்க வேண்டும். படிவம் தபாலில் வந்தபோது, பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வழக்கமாக என் தபால் பெட்டியில் விழுவதெல்லாம் 'குடியிருப்பவருக்கு' என்று போட்ட விளம்பரங்கள். இதில் என் பெயர், அப்பா பெயர், எல்லாம் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அச்சடித்திருந்தது. பிரித்துப் பார்த்த பிறகுதான் சந்தோஷம் வடிந்தது.

சரி, தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, அட்டையை மடித்துப் பசை போட்டுத் தள்ளுகிற இயந்திரங்களை நான்தான் பழுது பார்க்கிறேன். அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், அதனால் பேச்சு என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் எனக்கு ஒரு ஆத்ம நண்பர் உண்டு. பக்கத்து இயந்திரத்துக்காரர். காலையில் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார், நானும் உயர்த்துவேன். சாயங்காலம் மறுபடி ஒரு முறை. மனசுக்குள் அவருக்குக் கட்டைவிரல் என்றே பெயர் வைத்துவிட்டேன். சாப்பாட்டு வேளையில் அவரிடம் படிவத்தை நீட்டி, இதை எப்படி நிரப்புவது என்று கேட்டேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்து வரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்ததும் ஒரு பெண் குரல், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து காத்திருங்கள்' என்றது. பதிவு செய்த குரல்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் முக்கியம் என்று சொன்னதில்லை மாமா. பின்னாலேயே நல்ல இசை ஒன்று போட்டார்கள். போனை அலமாரி மேல் நிறுத்திவிட்டு அரிசி களைந்தேன், துணி மடித்தேன். நடுநடுவே அந்தக் குரல் வந்து காத்திருக்கச் சொல்லும், நானும் "ஆகட்டும்மா, அவசரமில்லை" என்பேன். வீட்டில் யாரோ இருக்கிறமாதிரி இருந்தது. திடீரென்று நிஜ ஆள் ஒருவர் வந்து, "சொல்லுங்க, என்ன வேணும்?" என்று கேட்டதும் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துபோய், "ஒண்ணுமில்லைங்க" என்று வைத்துவிட்டேன். மறுநாளும் போட்டேன். நிஜ ஆள் வந்ததும் மறுபடி வைத்துவிட்டேன். நீங்கள் வேறுமாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம், வீட்டு வேலை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான்.

கடைசியில் நானே நிரப்ப உட்கார்ந்தேன். இங்கேதான் மாமா, தப்பு உங்கள் தலையில் வந்து விழுகிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆயுசெல்லாம் உட்கார்ந்து எழுந்தவர் நீங்கள். பெண் பார்க்க வந்த அன்றே என்னிடம் சொன்னீர்கள், "மாப்ளே, எந்தப் படிவமா இருந்தாலும் ஒரு வரியைக்கூடக் காலியா விடாதீங்க, அதுல எவனாவது எதையாவது எழுதிக்குவான். எழுதினதை அடிச்சுத் திருத்தவும் திருத்தாதீங்க." நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டவன். இந்தப் படிவத்தில் 'குடும்பத்தில் உள்ளோர்' என்று ஒரு பக்கம், அதில் பத்து வரிகள். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். கீழே பார்த்தால் ஒன்பது வரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. காலியாக விடலாமா? உங்கள் மகளை எழுதினேன், உங்களை எழுதினேன், அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு வாண்டுகள், அப்பாவின் அக்காவான அத்தை, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று இறங்கிக்கொண்டே வந்தேன். சித்தப்பாவின் உறவு முறை கட்டத்துக்குள் அடங்கவில்லை, அதற்குத் தனியாக ஒரு தாள் இணைத்தேன். கடைசி வரிக்கு ஆள் கிடைக்காமல் முழித்து, நம் வீட்டுக்கு வருகிற பால்காரரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'தினமும் வருவார்' என்று போட்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது வீடு நிறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அது போய்ச் சேர்ந்து சில வாரத்தில் பதில் வந்தது: ஒற்றை அறையில் பத்துப் பேர் குடியிருப்பது எப்படி என்று பார்க்க அதிகாரி ஒருவர் நேரில் வருவார். வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நான் நாலு தடவை படித்தேன், ஏனென்றால் என் அறைக்கு ஒரு விருந்தாளி வரப்போவது அதுதான் முதல் தடவை. தரையைத் தேய்த்துக் கழுவினேன், கீழ் வீட்டில் கேட்டு ஒரு நாற்காலி வாங்கி வந்தேன், பிஸ்கட்டைத் தட்டில் வட்டமாக அடுக்கி, பிடிக்காமல் நீளமாக அடுக்கி, மறுபடி வட்டமாகவே அடுக்கினேன்.

வந்தவர் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், கையில் குடை. வாசலில் ஒரே ஜோடிச் செருப்பைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். குளியலறையில் ஒரே பல் துலக்கும் பிரஷ், அதையும் குறித்துக்கொண்டார். அவர் பேசியதை நம் பேச்சிலேயே தருகிறேன்.

"மத்தவங்க எல்லாம் எங்கே?"

"ஊர்ல இருக்காங்க."

"எப்பத் திரும்பி வருவாங்க?"

"அவங்க எங்கேயும் போகலையே. நான்தான் வந்துட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக் கேட்டார், நான் போனில் படத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற படத்தைப் பார்த்து, "நடிகரா?" என்றார். நான் மறுக்கவில்லை.

"இவங்கள்லாம் உங்களை நம்பி இருக்கிறவங்களா?"

"இல்லைங்க, நான்தான் இவங்களை நம்பி இருக்கேன்."

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே," என்றார். பிறகு பால்காரர் பெயரில் விரல் நின்றது. "இவர் எப்படிக் குடும்பம்?"

"உங்க வீட்டுக் கதவை தினமும் யாராவது தட்டுறாங்களா?" என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் பால்காரர் பெயரிலிருந்து விரலை எடுத்தார். "இல்லை," என்றார்.

டீ போட்டுக் கொடுத்தேன். வேலை நேரத்தில் யார் வீட்டிலும் எதுவும் சாப்பிடக் கூடாதாம், அது விதியாம். கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்துவிட்டார். "நீங்க குடிக்கலையா?" என்றார். டம்ளர் ஒன்றுதான் இருந்தது, அது அவர் கையில் இருந்தது. "இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். அந்த டம்ளரையும் அவர் குறித்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்து, குடும்பத்தில் உள்ளோர் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன் மாமா. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, பேனா சரியாக எழுதவில்லை. அதற்குக் கீழே, 'வரும் ஆண்டில் இந்த எண்ணிக்கையில் மாற்றம் உண்டா?' என்று இன்னொரு கட்டம். உங்கள் வார்த்தைப்படி அதையும் காலியாக விடாமல் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லாம் சுபமாக முடிந்தது. அபராதம் இல்லை, ஒரு கண்டிப்பு மட்டும்தான்.

பார்த்தீர்களா, கட்டைவிரல், போன் அம்மா, குடை அம்மா என்று எத்தனை பேர்! ஆகவே என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் மகள் அங்கேயே இருக்கட்டும். அத்தைக்கு என் நமஸ்காரம், வாண்டுகளுக்கு ஆசிகள், சித்தப்பாவிடம் அவர் பெயர் இங்கே அரசாங்க ஆவணத்தில் ஏறி இறங்கியதைச் சொல்லவும், பால்காரரை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் பணிவுள்ள
மாப்பிள்ளை

பி.கு: இது மாமாவுக்கு இல்லை. இந்தப் பொடி எழுத்தை எந்தக் கண்ணாடி வைத்தாலும் அவரால் படிக்க முடியாது, 'நீயே வாசிம்மா' என்று உன்னிடம்தான் கொடுத்திருப்பார். தெரிந்துதான் பொடியாக எழுதினேன். சத்தமாக வாசிப்பதைக் கொஞ்சம் நிறுத்து. அந்தக் கடைசிக் கட்டத்தில் நான் 'இல்லை' என்று எழுதவில்லை. மூன்று பேர் என்று எழுதினேன். "யார் யார்?" என்று அந்த அம்மா கேட்டார். உன்னைச் சொன்னேன், "கூடவே அந்த நடிகர்" என்றேன். அவரும் எழுதிக்கொண்டார். பெரியவருக்கும் சேர்த்தே இங்கே வந்து தங்க அனுமதி வாங்கலாம், நடைமுறை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். எழுதினதை அடித்துத் திருத்தக் கூடாது என்பது உன் அப்பா போட்ட சட்டம், அதனால் அவர் மறுத்துப் பேச வழியில்லை. இந்த இடத்தை மட்டும் அவருக்கு இரண்டு தடவை சத்தமாக வாசி. எனக்கு இங்கே யாருமே இல்லை. வந்துவிடுங்கள். டம்ளர் இன்னும் இரண்டு வாங்கிவிட்டேன். ஒன்று மட்டும் பிடி வைத்தது, அவருக்குக் கையில் சூடு தாங்காது.