இழுப்பறைச் சுவரும் என் மின்சாரக் கிடங்கும்

இந்தக் குளிர்காலத்திலாவது ஒரு விஷயத்தில் என் மனைவி மாலினை ஜெயித்துவிடுவது என்று தீர்மானம் செய்தேன். பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்றுகூட ஆசைப்படவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து, எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்பதில்கூட நான் ஜெயித்ததில்லை. எனக்கு அலுத்துவிட்டது. அலுத்துப்போனவன் செய்யும் தீர்மானத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியாதா.

நவம்பரில் எங்கள் வெஸ்டரோஸ் ஊரில் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். வெளியே போனால் சறுக்கும். உள்ளே இருந்தால் மாலின் இருப்பாள். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது கணினியில் ஒரு விளையாட்டை விட்டுப்போனாள். கட்டம் கட்டமான உலகம். கல்லை வெட்டலாம், மரத்தை வெட்டலாம், வெட்டியதை அடுக்கி வீடு கட்டலாம். வெட்டி வேலை என்றால் இதுதான். சும்மா எட்டிப்பார்த்தோம். இப்போது நானும் மாலினும் ஆளுக்கொரு கணினியில், அந்த ஒரே உலகத்தில் குடியிருக்கிறோம்.

வெட்டுவது சுலபம். வெட்டியதை எங்கே வைப்பது என்பதில்தான் குடும்பம் இரண்டுபட்டது. இந்த விளையாட்டில் 'மாட்' என்று ஒன்று உண்டு. ஆட்டத்தைச் செய்தவர்கள் செய்யாமல் விட்டதை, ஆட வந்தவர்கள் செய்து ஒட்டவைப்பது. பொருள் சேர்த்து வைப்பதற்கென்றே பல மாட்கள். நான் பிடித்தது மின்சாரக் கிடங்கு. எதைப் போட்டாலும் எண்ணாகக் கரைந்து ஒரு தகட்டுக்குள் போய் உட்காரும். திரையில் பெயரை அடித்தால் கையில் வந்து விழும். அதற்குக் கேபிள், மின்சாரம், படிகக்கல் என்று ஆயிரம் சேர்மானம். அதை ஓடவைப்பதற்குள் எனக்குத் தாடி வளர்ந்துவிட்டது.

மாலின் பிடித்தது இழுப்பறைச் சுவர். மர இழுப்பறைகள், ஒன்றுக்கு ஒரு பொருள், முகப்பில் அந்தப் பொருளின் படம். ஒரு தட்டு தட்டினால் வெளியே வரும். அவ்வளவுதான்.

"இது என்ன, பழைய மருந்துக்கடை மாதிரி?" என்றேன்.

"கரண்ட் போனா உன் கிடங்கு என்ன ஆகும்?"

"போகாது."

"போன வாரம் போச்சே. ஒரு ரொட்டிகூட எடுக்க முடியாம என்கிட்ட வந்து நின்னியே."

"அது வேற."

"எது வேற? பசியா?"

இதற்கு நடுவில், அலமாரிக்குள் இருந்து எங்கள் உலகத்தைச் சுமந்துகொண்டிருந்த மூன்றாவது பழைய கணினி திணற ஆரம்பித்தது. ஆட்டத்தில் நான் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் போனேன். வீட்டில் நடப்பதுதான் என்பதால் முதலில் கவனிக்கவில்லை.

"ரெண்டு மாட்டையும் அதால தாங்க முடியல. ஒண்ணை எடுத்துடணும்" என்றாள் மாலின்.

"உன்னோடதை எடு."

"பந்தயம் வச்சுக்கலாம். அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை மதியம் மாடிவீட்டு சிக்ஸ்டனைக் கூப்பிடறேன். அவர் அஞ்சு பொருள் கேக்கட்டும். யாரு அதிகமா முந்தறாங்களோ அவங்க மாட் இருக்கும்."

"சரி."

"தோத்தவங்கதான் மே மாசம் வரைக்கும் துணி துவைக்கணும்."

மாட்டை எடுத்தால் அதற்குள் சேர்த்ததெல்லாம் அதோடு போகும். அதுகூடப் பரவாயில்லை. துணி வேறு விஷயம். எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே துவைக்கும் அறை, முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிலவறையில். எங்கள் முறை ஞாயிறு காலை ஏழு மணி. பனியில் கூடையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். முடித்த பிறகு உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியைத் துடைக்காவிட்டால் அடுத்து வருபவர்கள் கோபமாக ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுவார்கள். நான் இரண்டே முறை போய் மூன்று சீட்டு வாங்கியவன்.

என் கிடங்கில் ஒரே குறை, அதற்குள் சரக்கு இல்லை. கிடங்கு கட்டிய களைப்பில் சரக்கு சேர்க்க மறந்துவிட்டேன். மாலினின் சுவரிலோ இல்லாத பொருள் இல்லை. அவள் துவைக்கப் போன ஒரு ஞாயிறு காலையில் எனக்கு அந்த யோசனை உதித்தது. என் கிடங்கிலிருந்து தரைக்கு அடியில் குழி தோண்டிக் கேபிள் இழுத்தேன். அவள் சுவருக்குப் பின்னால் ஒரு இணைப்புக் கருவியைப் பொருத்தினேன். அவளுடைய இழுப்பறையில் இருப்பதெல்லாம் இனி என் திரையிலும் தெரியும், பெயரை அடித்தால் என் கைக்கும் வரும். கருவி ஏதோ ஒரு எண்ணைக் கேட்டது. பூஜ்யமாகவே விட்டேன். வழிகாட்டி படிப்பதெல்லாம் மாலின் வழக்கம். திருட்டு என்று நீங்கள் சொல்லலாம். புருஷன் பெண்டாட்டி சொத்தில் உன்னது என்னது உண்டா என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. வேலையிலிருந்து வந்ததும் சுரங்கத்தில் இறங்குவேன். இரும்பு, தங்கம், கரி என்று வெட்டி வந்து கிடங்கில் கொட்டுவேன். திரையில் எண்கள் ஏறின.

"நல்லா வெட்டறப்பா" என்றாள் மாலின். அவள் வாயிலிருந்து பாராட்டு வந்தால் பயப்பட வேண்டும் என்ற பாடத்தை அன்று மறந்துவிட்டேன்.

பந்தய ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டு சிக்ஸ்டன் வந்தார். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஏலக்காய் பன் உண்டு என்றால் எந்த வழக்குக்கும் நடுவராக வருவார்.

"நான் என்ன கேக்கணும்?" என்றார், வாய் நிறைய பன்னோடு.

"ஒரு வீடு கட்டணும்னா என்னென்ன வேணுமோ ஒவ்வொண்ணா கேளுங்க."

"சிவப்புப் பலகை."

நான் அடித்தேன். வந்தது. மாலின் அப்போதுதான் சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"கண்ணாடி."

அதுவும் எனக்கே. சிக்ஸ்டன் என்னை மரியாதையாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமில்லாததால் கூச்சமாக இருந்தது. இன்னும் ஒன்று போதும் என்று முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

"ஒரு நிமிஷம் சிக்ஸ்டன்" என்றாள் மாலின். "இங்க தரைக்கடியில எலி பூந்த மாதிரி இருக்கு."

"இந்த விளையாட்டுல எலியெல்லாம் உண்டா?"

"எங்க வீட்டுல உண்டு."

கோடரியால் தரையில் ஒரே போடு. கேபிள் துண்டானது.

"சரி, அடுத்து இரும்பு" என்றார் சிக்ஸ்டன்.

நான் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. தங்கம் என்று அடித்தேன், கரி என்று அடித்தேன். திரை துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. மாலின் நிதானமாகச் சுவரைத் தட்டி இரும்பை எடுத்தாள்.

"என் இரும்பு எங்க?" என்றேன்.

"எந்த இரும்பு?"

"நான் வெட்டினது."

"நீ வெட்டினது உன் கிடங்குலதானே இருக்கணும்?"

"இல்லையே."

"அப்ப வேற எங்க போயிருக்கும்? எப்படிப் போயிருக்கும்? சிக்ஸ்டனுக்கும் புரியற மாதிரி சொல்லேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்? நான் ஒரு பன்னை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

"ஏன் இவன் மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" என்றார் சிக்ஸ்டன்.

"வெயிலே இல்லைல்ல" என்றாள் மாலின்.

மிச்ச மூன்றும் அவளுக்கே போயின. சிக்ஸ்டன் தீர்ப்பையும் மீதி இருந்த பன்களையும் எடுத்துக்கொண்டு மாடியேறினார். கதவு சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ கேபிள் போட்ட அன்னைக்கே. துவைச்சுட்டு வந்து பாத்தா என் சுவருக்குப் பின்னாடி புது மண்ணு."

"அப்ப என் சரக்கு?"

"அந்தக் கருவில ஒரு எண் இருக்கு. எண் பெரிசா இருக்கற இடத்துக்குத்தான் சரக்கு முதல்ல போகும். நீ பூஜ்யம்னு விட்டுருந்த. நான் நூறாக்கினேன். நீ கொட்டினதெல்லாம் நேரா என் இழுப்பறைக்கு வந்துடுச்சு."

ஆக, இத்தனை வாரமாக நான் திருடிக்கொண்டிருந்தது என் இரும்பையேதான். கோபப்படக்கூடத் தெம்பில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன், என் மாட்டை என் கையாலேயே எடுத்துவிட.

"விடு. அது இருக்கட்டும்" என்றாள் மாலின்.

"கணினி தாங்காதே."

"நேத்து உள்ள தூசி தட்டினேன். இப்ப ரெண்டையும் தாங்குது. பாவம், நீ தாடி வளர்த்து செஞ்சது."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் லேசாகக் கலங்கியது. இப்படிப்பட்டவளையா ஏமாற்றப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது. துணியை நானே துவைக்கிறேன், மே வரை என்ன, ஜூன் வரைக்கும் துவைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"சரி, ஜூன்" என்றாள். "கேபிளையும் ஒட்டவச்சுட்டேன்."

"அது எதுக்கு மாலின்?"

"மேல் வரிசையில இன்னும் நாலு இழுப்பறை காலியா இருக்கு."