தட்டில் மிஞ்சியவை

எஞ்சினின் மூடியை இறுக்கிவிட்டுத் துரைராஜா மாஸ்டர் நிமிர்ந்தபோது, தட்டில் ஒரு நட்டு மிஞ்சியிருந்தது.

"அப்பா, உதிலை ஒண்டு கிடக்கு," என்றாள் மகள் ஷாமினி. சாவகச்சேரியில் வேலை முடிந்து வந்து, தேநீரோடு நின்றாள்.

"தெரியும் பிள்ளை. அது தேவையில்லாதது."

தெரியாது. ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் அதை மகளிடம் எப்படிச் சொல்வார்? நாற்பத்தெட்டாம் ஆண்டு போர்ட் கார். கனடாவிலிருந்து மைத்துனன் அனுப்பிய படங்களைப் பார்த்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, சிவப்படித்து, முன்பக்கம் தீச்சுவாலைப் படமும் கீறியாயிற்று. வால்வுகள் பக்கவாட்டில் நிற்கும் அந்தப் பழைய பிளாட்ஹெட் எஞ்சினைத் தன் கையாலேயே புதுப்பித்து, கலியாணத்தன்று ஷாமினியை அதில் சேர்ச்சுக்குக் கொண்டுபோவதாக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. இன்னும் பத்து நாள்.

நட்டின் இடத்தைத் தேடி மறுநாள் எஞ்சினைக் கழற்றினார். பூட்டினார்.

"இப்ப மூண்டு, அப்பா."

மறுபடி கழற்றினார். அடுத்த தடவை ஐந்து. அதில் ஒன்று சுருள்வில். அது இல்லாத எஞ்சினை இயக்கிப் பார்க்க அவருக்குக் கை வரவில்லை.

"ஜெயசுதனைக் கேளுங்கோவன்," என்றார் மனைவி பியாட்றிஸ். "பழைய காருக்கு அவனை விட்டால் ஆர்?"

"எனக்கு எஞ்சின் தெரியாதெண்டு சொல்லுறீரோ?"

"நான் சொல்லேல்லை. தட்டுச் சொல்லுது."

ஜெயசுதன் அவருடைய பழைய மாணவன்; இப்போது சாவகச்சேரியில் கராஜ் வைத்திருந்தான். 'நீ சைக்கிளுக்குக் காத்தடிக்கத்தான் சரி' என்று வகுப்பே சிரிக்கச் சொன்னவர் அவர்தான். அன்று அவரும் சிரித்திருந்தார்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் தட்டில் பன்னிரண்டு சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மரக்கறிப் பையில் போட்டு, முருங்கையிலையால் மூடிக்கொண்டு சாவகச்சேரிக்கு பஸ் ஏறினார்.

"வாங்கோ சேர், இருங்கோ," ஜெயசுதன் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி எழுந்தான்.

"ஒரு சிநேகிதர் எஞ்சின் பூட்டினவர். கொஞ்சம் மிஞ்சிப்போச்சாம்."

"முருங்கையிலையும் மிஞ்சிப்போச்சோ, சேர்?"

மாஸ்டர் பையை மேசையில் கவிழ்த்தார். நட்டுகள் உருண்டோடி நின்றன. மதிலுக்கு அப்பால் ஒரு பஸ் போய் ஓய்ந்தது.

"சிநேகிதர் ஒருத்தரும் இல்லைத் தம்பி. நான்தான். எனக்குத் தெரியேல்லை."

முப்பது வருடம் கற்பித்தவர், அந்தச் சொல்லை ஒரு மாணவனிடம் சொன்னது அதுவே முதல் தடவை. காதுமடல் சுட்டது.

ஜெயசுதன் சாமான்களை விரலால் கிளறினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"சேர், உதிலை ஒண்டும் காரின்ரை இல்லை, எல்லாம் என்ரை பழைய தண்ணி இறைக்கிற மெசின்ரை, தீப்பிடிச்ச காரிலை சேர்ச்சுக்குப் போக வெக்கமாக் கிடக்கெண்டு, ஷாமினி தங்கச்சிதான் பின்னேரத்திலை வந்து வந்து வாங்கிக்கொண்டு போறவ."