அத்தானின் பெயரை எலி அரித்த கதை

கம்பியூட்டரில் எழுத்துகளைச் சுழல வைத்துப் பிழைப்பவனுக்கு வீட்டில் மரியாதை கிடைப்பது, சுழலும் எழுத்து வீட்டாரின் பெயராக இருக்கும்போதுதான். அக்காவின் திருமண வரவேற்பில், மணமக்களின் பெயர்களைத் தங்க நிறத்தில், முப்பரிமாணத்தில் செய்து பெரிய திரையில் சுழல விடுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதும் அந்த மரியாதைக்காகத்தான். (வேறு எதற்கு?)

அழைப்பிதழில் தங்கள் பக்கத்துப் பெயர்கள் சின்ன எழுத்தில் விழுந்துவிட்டன என்று அத்தானின் அப்பா ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கொழும்புக்குள்ளேயே கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு எங்கள் வீடு தேடி வந்து, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழும்பிப் போன மனிதர். "திரையில உங்கட மகன்ர பேர் ஆள் உயரத்துக்கு வரும்" என்று சொல்லித்தான் அம்மா அவரைச் சமாதானப்படுத்தியிருந்தார். ஆகவே இரண்டு குடும்பத்து உறவும் என் லப்டொப்புக்குள் கிடந்தது.

வரவேற்பு நாள் காலை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"என்னடா, எழுத்தெல்லாம் எலி அரிச்ச மாதிரிக் கிடக்கு?"

உண்மைதான். எழுத்து நிற்கும்போது தெரியவில்லை; சுழலும்போது சாய்ந்த விளிம்பெல்லாம் படிக்கட்டுப் போலப் பல்லைக் காட்டியது. அவசரத்தில் விளிம்பை வழுவழுப்பாக்கும் அளவைக் குறைத்து வைத்திருந்தேன். அதைக் கூட்டினால் கம்பியூட்டர் ஒவ்வொரு விளிம்பையும் பலமுறை பார்த்து, பக்கத்து நிறத்தோடு இழைத்துவிடும். ஆனால் ஆமை வேகத்தில். உடனே தொடங்கினால் வரவேற்புக்குச் சற்று முன் முடியும். மவுஸில் கை வைத்தேன்.

"பொறு! இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலம் தொடங்கிட்டுது."

"அம்மா, இது கம்பியூட்டர்!"

"கம்பியூட்டருக்கு மட்டும் ராகு இல்லையோ? கலியாண வேலையடா. ஒண்டரை மணித்தியாலம்தானே."

வேடிக்கை என்னவென்றால், நானும் பொறுத்தேன். ஏதும் பிழையாகிப் போனால் பழி ராகுவுக்குப் போகாது, எனக்குத்தான் வரும் என்ற பயம். சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ராகு காலம் முடிந்ததும் பட்டனை அமத்தினேன்.

மாலையில், மூடினால் வேலை நின்றுவிடும் என்று லப்டொப்பைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். ஓட்டோ பிரேக் பிடிக்கும்போதெல்லாம் என் நெஞ்சும் நின்றது.

மண்டபத்தில் திரைக்குப் பொறுப்பான சிங்கள அண்ணன் கையை நீட்டினார். "மல்லி, வீடியோ எக்க தென்ன, இக்மனட்ட!" கெதியாய் வீடியோவைத் தரட்டாம்.

மணமக்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் பெயர் முடிந்திருந்தது. அடுத்து வரவேண்டிய அத்தானின் பெயர் இன்னும் முடியவில்லை. அக்காவுக்குப் புதியதையும் அத்தானுக்குக் காலையில் இருந்த பழையதையும் ஒட்டிக் கொடுத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது?

எல்லோருக்கும் தெரிந்தது. அக்காவின் பெயர் நெய் தடவியது போல வழுக்கிச் சுழன்றது. பிறகு, ஆள் உயரத்தில், அத்தானின் பெயர் பல்லை இளித்துக்கொண்டு வந்தது. முழுவதையும் பழையதாகவே விட்டிருந்தால் ஒருவரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். பாதியைத் திருத்தினேன் பாருங்கள், அதுதான் மற்றப் பாதியைக் காட்டிக்கொடுத்தது.

முன்வரிசையில் அத்தானின் அப்பா எழும்பினார். "உங்கட பிள்ளைக்குப் பட்டு, எங்கட பிள்ளைக்குச் சாக்கோ?"

அம்மா உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். "ஐயோ இல்லை, காலமை ரெண்டு பேருமே எலி அரிச்ச மாதிரித்தான் இருந்தவை!"

மண்டபமே எங்கள் பக்கம் திரும்பியது. அக்காவின் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவளுடைய வாழ்க்கையை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நிச்சயமாக நம்பினேன். அப்போது திரையை அண்ணாந்து பார்த்த அத்தான் சிரிக்கத் தொடங்கினார்.

"விடுங்கோ அப்பா. எலி அரிச்சாலும் பேர் பெரிசாத்தானே கிடக்கு!"

மாமா, அதுதான் அத்தானின் அப்பா, ஒரு கணம் மகனைப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்தார். இருந்ததோடு நிற்காமல், தேத்தண்ணீரும் கேட்டார்.

அன்றிலிருந்து அத்தானுக்கு எங்கள் வீட்டில் 'எலி அரிச்ச அத்தான்' என்றே பெயர். அவர் சட்டையில் சின்ன ஓட்டை விழுந்தாலும் அக்கா என்னைத்தான் பார்ப்பாள். போன மாதம் மாமா தன் அறுபதாம் கலியாணத்துக்காக எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, திரையில என்ர பேரையும் நீர்தான் சுத்த விடவேணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா, எலிக்குச் சாப்பாடு வைச்சிட்டுத் தொடங்கும்."

போனை வைத்துவிட்டு, முதல் வேலையாகக் கலண்டரில் ராகு காலம் பார்த்தேன்.