‘யார் தொட்டது?’ ஆசாமி

உங்கள் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி ஒன்று திடீரென்று நின்றுபோனால், உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி எது? ‘என்ன ஆச்சு?’ என்பதா, ‘யார் தொட்டது?’ என்பதா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். முதல் கேள்வியைக் கேட்பவர்களைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான், ஆள் அகப்படவில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்களோ தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் நின்று ஒரு கல்லை வீசினால் அவர்களில் ஒருவர் மேல்தான் விழும். விழுந்தவுடன், ‘யார் தொட்டது இந்தக் கல்லை?’ என்பார்.

இந்த ஆசாமிக்குக் கருவி என்பது கம்பியும் திருகும் சேர்ந்த பொருளல்ல, ஒரு குற்றத்தின் சாட்சி. வெயில், ஈரம், தூசி, தேய்மானம் ஆகியவற்றைக் கொண்டே இயற்கை மலைகளைக் கரைத்து மணலாக்கியிருக்கிறது. ஆனால் அவர் வீட்டு மிக்சியை மட்டும் அவற்றால் ஒன்றும் செய்துவிட முடியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் வேறொருவராக இருக்க வேண்டும். வேறொருவர் என்றால், பெரும்பாலும் திருப்பிப் பேச முடியாத ஒருவர்.

பெரம்பலூர் துறைமங்கலத்தில் ராஜவேல் இருக்கிறார். மக்காச்சோளக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். சொந்த வீடு, மேலே ஒரு மாடி, அந்த மாடியில் குடித்தனம். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பெயர். அந்தப் பெயரை அவரே பலமுறை சொல்லிச் சொல்லி ஊருக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது. ‘நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க’ என்பது அவருடைய தாரக மந்திரம். எதையெல்லாம் என்று யாரும் கேட்டதில்லை.

மாடியில் குடியிருப்பவர் வெற்றிச்செல்வி, அரசுப் பள்ளி ஆசிரியை. கூடவே அவருடைய தாயார் ஆண்டாயி. கீழப்பழுவூர்ப் பக்கத்துக் கிராமம். பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்ததும் வீடு தேடினார்கள். வீடு தேடுவதென்றால் என்னவென்று தெரியுமா? தெரியாதென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். ‘வாடகைக்கு’ என்ற அட்டை தொங்கும் கதவைத் தட்டுவார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னதும், ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னதும், அந்த வீட்டுக்காரருக்கு அதுவரை இல்லாத ஒரு தம்பி மகன் துபாயிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவான், மாடியில் தங்குவதற்காக. அந்த வருடம் துபாயே காலியாகியிருக்க வேண்டும், அத்தனை தம்பி மகன்கள்! ராஜவேலும் தெருவைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சாவிக்கொத்தை இரண்டு முறை கையில் உருட்டினார். பிறகு மந்திரத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கொடுத்த அன்றிலிருந்து மண்டிக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தான் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இனி கருவிக்கு வருவோம்.

ராஜவேல் வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய டிவி. அதன் பின்னால், இன்டர்நெட்டை இழுத்துத் தரும் விரல் நீள ஸ்டிக் ஒன்று. சினிமா, சீரியல், கிரிக்கெட் எல்லாம் அந்த விரல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஆயுத பூசைக்கு மறுநாள் விஜயதசமி. மண்டியில் புதுக் கணக்கு, கோயில், சாப்பாடு என்று டிவியை யாரும் நினைக்கவில்லை. அதற்கும் அடுத்த நாள் ஞாயிறு, மதியம் கிரிக்கெட். ராஜவேல் சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, ரிமோட்டை அமுக்கினார். திரை நீலமாக விரிந்தது. ‘நோ சிக்னல்’ என்றது.

இந்த இடத்தில் நம் ஆசாமியின் வைத்திய முறையைப் பாருங்கள். முதலில் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். பிறகு தொடையில் தட்டினார். பேட்டரி இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். மறுபடி கழற்றி, வேட்டியில் துடைத்து, ஒன்றைப் பல்லால் லேசாகக் கடித்துப் பார்த்து, பழைய இடத்திலேயே போட்டார். எழுந்து சுவருக்குப் போய் சுவிட்சை அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். அரையடி பின்வாங்கி, கைகட்டி நின்று, திரையை முறைத்தார். முறைப்புக்குப் பயந்து மண்டியில் ஆட்கள் ஓடுவார்கள், திரை ஓடவில்லை.

பிறகு சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்காள் மகன் பூவரசனுக்குப் போன் போட்டார்.

“மாமா, ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?”

“பண்ணியாச்சுடா.”

“நோ சிக்னல்னு வருதுன்னா ஸ்டிக்கு சரியா மாட்டலன்னு அர்த்தம். அதைக் கழட்டி, பின்னைப் பாத்துட்டு மாட்டுங்க.”

“அதெல்லாம் கழட்டி மாட்டியாச்சுடா. வேற சொல்லு.”

பொய்யா? இல்லை. ஸ்டிக்கைக் கழற்றி மாட்டியது முழு உண்மை. ஆனால் கோளாறு வந்த பிறகல்ல. ஆயுத பூசை அன்று சாயங்காலம். அன்றைக்கு அவர் மண்டித் தராசுக்கும், லாரிக்கும், கால்குலேட்டருக்கும், வீட்டு மிக்சிக்கும், ஃபிரிட்ஜுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். டிவிக்கும் வைத்தார். ஸ்டிக் மட்டும் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பது நினைவுக்கு வர, பாவம், அதை ஏன் விட வேண்டும் என்று இழுத்தெடுத்து, சந்தனத்தைக் குழைவாக அதன் தலையில் ஒரு அப்பு, நெற்றியில் ஒரு அப்பு என்று வைத்து, குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, ஈரம் காயுமுன் பழைய துளையில் சொருகிவிட்டார். ஸ்டிக்குக்கு எது தலை, எது வாய் என்று பார்த்துப் பூசுவதற்குச் சாத்திரத்தில் வழி சொல்லப்படவில்லை.

இதை அவர் மறந்துவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. நன்றாக நினைவிருந்தது. ஆனால் பூசை செய்வது தொடுவதில் சேராது. அவர் அகராதியில், தான் தொட்டால் அது பராமரிப்பு. பிறர் தொட்டால்தான் தொடுவது.

ஆகவே போனை வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்று கேட்டார்: “யார் தொட்டது இதை?”

அவர் மனைவி சின்னம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னைப் பாக்காதீங்க. எனக்கு அந்த ரிமோட்டுல சேப்பு பட்டனைத் தவிர ஒண்ணும் தெரியாது.”

மருமகள் ஆர்த்தி, “நான் நேத்திக்கெல்லாம் டிவி பக்கமே வரலியே மாமா” என்றாள்.

“கடைசியா எப்ப ஓடுச்சு? அதைச் சொல்லுங்க. கடைசியா ஓடினப்போ ரிமோட்டு யார் கையில இருந்துச்சு?”

எவ்வளவு கூர்மையான கேள்வி! இதே கூர்மையை மனிதன் வேறு பக்கம் திருப்பியிருந்தால் எத்தனை நோய்க்கு மருந்து கண்டிருப்பான். ஆயுத பூசை அன்று மதியம் விடுமுறை என்று சின்னம்மாள் மாடியிலிருந்து வெற்றிச்செல்வியைப் படம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். பாதிப் படத்தில் சத்தம் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, வெற்றிச்செல்வி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். வழக்கு முடிந்தது. ராஜவேலின் முகத்தில் அரை மணி நேரமாக இல்லாத அமைதி வந்து உட்கார்ந்தது. கருவி ஓடவில்லை, ஆனால் ஆள் கிடைத்துவிட்டது. அவருக்கு வேண்டியது அதுதானே?

“டீச்சர்!” என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “கொஞ்சம் கீழ வந்துட்டுப் போங்க.”

வெற்றிச்செல்வி கையில் சிவப்பு மைப் பேனாவோடு இறங்கி வந்தார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“அன்னைக்கி நீங்கதான ரிமோட்ட தொட்டீங்க?”

“ஆமா சார், சவுண்ட் வெச்சேன். நீங்கதான் வைக்கச் சொன்னீங்க.”

“சொன்னேன், சொன்னேன். சவுண்டுக்கு மேல வேற எதையாச்சும் அமுக்கிட்டீங்களோன்னுதான்.”

“இல்லியே சார். அதுக்கப்புறம் படம் முழுக்க ஓடுச்சே. நீங்கதான கடைசி வரைக்கும் பாத்தீங்க?”

வாதம் தோற்கும்போது இந்த ஆசாமி என்ன செய்வார் தெரியுமா? பூமியை விட்டு மேலே கிளம்பிவிடுவார்.

“படம் ஓடுச்சும்மா, நான் இல்லேங்கல. ஆனா கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல? நான் யாரையும் தப்பா சொல்லல. சில பேரு கை பட்டா சில பொருளுக்கு ஆவறதில்ல.”

“என் கை பட்டுதான் சார் பசங்க எழுதவே கத்துக்கறாங்க” என்றார் வெற்றிச்செல்வி. “அவங்கள்ல யாரும் இதுவரைக்கும் நின்னு போவல.”

சின்னம்மாள் அடுப்படிக்குள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் விபரீதமாயிற்று. ராஜவேலின் காது சிவந்தது.

“இந்தப் பேச்செல்லாம் எதுக்கும்மா? எனக்கும் தம்பி மவன் ஒருத்தன் துபாயிலேருந்து வரேன்னு சொல்லிக்கிட்டிருக்கான். அடுத்த மாசத்துக்குள்ள மேல வூட்டைக் கொஞ்சம் பாத்துக் குடுத்துட்டீங்கன்னா…”

வெற்றிச்செல்வி பேனா மூடியை மூடினார். அந்தத் தம்பி மகனை அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வாசல்களில் கேள்விப்பட்டவன். கண் அறுவை சிகிச்சை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு இருக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் தெருத் தெருவாக அட்டை தேட வேண்டும். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு நின்றுபோனதற்கு ஒரு குடும்பம் தெருவில் நிற்க வேண்டும். நம் நாட்டில் நீதி இவ்வளவு மலிவு. குற்றம் சாட்டச் செலவே இல்லை.

இதற்குள் ஆர்த்தி நாற்காலியைப் போட்டு ஏறி, டிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து, கடைக்குக் கொண்டு போகலாம் என்று ஸ்டிக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் இறங்காமல் அப்படியே நின்றாள்.

“மாமா, இது என்ன?”

ஸ்டிக்கின் வாயில் மஞ்சளாய் ஏதோ அடைத்துக் காய்ந்து, பாளம் பாளமாய் வெடித்திருந்தது. நடுவில் ஒரு சிவப்புத் துணுக்கு. வாசனை வேறு கமகமவென்று வந்தது.

ஆர்த்தி பழைய டூத் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து, ஊக்கு முனையால் நோண்டி, உலர்ந்த துணியால் துடைத்தாள். சந்தனம் பொடிப்பொடியாய்த் தரையில் உதிர்ந்தது. மறுபடி சொருகினாள். திரையில் மைதானம் பச்சையாய் விரிந்தது. யாரோ அவுட் ஆனதற்குக் கூட்டம் கத்தியது.

இப்போது ராஜவேல் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

“நான்தான் அப்பவே நெனச்சேன், பின்னாடிதான் கோளாறு இருக்கும்னு” என்றார்.

“சந்தனம் மாமா” என்றாள் ஆர்த்தி.

“சந்தனத்தால எதுவும் கெடாது. சாமி பொட்டு அது. சரியா காய விடல, அதான்.”

“யாரு காய விடல?”

அவர் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். வெற்றிச்செல்வி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

“சார், வீட்டைப் பத்தி ஏதோ சொன்னீங்க.”

“அட, அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா. அவன் எங்க வரப்போறான்? நீங்க பாட்டுக்கு இருங்க. நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல.”

“எதெல்லாம் சார்?”

ராஜவேல் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

“நாங்க போகப் போறதில்ல சார்” என்றார் வெற்றிச்செல்வி, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி. வகுப்பறையில் பழகிய குரல். “தப்பு எங்க பக்கம் இருந்தாத்தான போவணும்? ஆனா ஒண்ணு. எங்கம்மா மாடிப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்துச்சு. காலி பண்ணுன்னு ஒரு குரல் காதுல விழுந்தாப் போதும், அது பாத்திரத்தை சாக்குல போட ஆரம்பிச்சிரும். அதுக்குப் பழக்கம். நான் சொன்னா நிறுத்தாது. நீங்க மேல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

சொல்லிவிட்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து சட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

ராஜவேலுக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல அவராலும் முடியாது. மனசுக்குள் ஒரு வார்த்தை எழுந்து தொண்டை வரைக்கும் வந்தது. அதை அங்கேயே உட்கார வைத்தார். பூசைக்கு வாங்கிய பெட்டியிலிருந்து ஜிலேபியை ஒரு தட்டில் எடுத்து வைத்து, “ஆர்த்தி, இதைக் கொண்டுபோயி மேல குடுத்துட்டு வா” என்றார்.

“நீங்க போங்க மாமா.”

“எனக்குப் படி ஏற முட்டி வலிக்குதுல்ல?”

“காலையிலதான தண்ணித் தொட்டிய பாக்க மொட்டை மாடி வரைக்கும் ஏறி எறங்கினீங்க?” என்றார் சின்னம்மாள் உள்ளேயிருந்து.

“அது வேற முட்டி” என்று ராஜவேல் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. மேட்ச் முடியட்டும் என்றார். முடிந்தது. சாயங்காலம் ஆகட்டும் என்றார். ஆயிற்று. அவர் இன்னும் சோபாவில்தான் இருக்கிறார். ஜிலேபியில் எறும்பு வந்துவிட்டது.

நீங்கள் ராஜவேல் இல்லை, எனக்குத் தெரியும். உங்களுக்கு மண்டி கிடையாது, மாடி கிடையாது, ஸ்டிக்குக்குப் பொட்டு வைக்கும் பழக்கமும் கிடையாது. ஆனால் உங்கள் ஆபீசில் பிரிண்டர் நின்றபோது கடைநிலை ஊழியரைப் பார்த்தீர்களே, ஒரு பார்வை? வீட்டில் கிரைண்டர் நின்றபோது வேலைக்கு வருகிற அம்மாளைப் பார்த்தீர்களே? கோளாறு வேறெங்கோ இருந்தது என்று தெரிந்த பிறகு அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் எதையோ வைத்துக் கொடுத்தனுப்பியிருப்பீர்கள். அதுகூட இல்லையென்றால் சத்தத்தைக் கூட்டியிருப்பீர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தட்டைக் கீழே வையுங்கள். டிவியை அணையுங்கள். எழுந்து படியேறிப் போய்க் கதவைத் தட்டி, ‘தப்பு என்னுடையதம்மா’ என்று வாய் திறந்து சொல்லுங்கள். மேலே ஒரு சாக்கு பாதி நிறைந்துவிட்டது. அந்த அம்மாள் முடிச்சுப் போடுவதற்குள் போங்கள்.