ராயபுரத்துக்கு மாப்பிள்ளை டெஸ்பாட்ச்

உலகத்தில் நடக்கக்கூடிய எல்லா விபத்துகளையும், அவை நடப்பதற்கு முன்பே பார்த்துப் பயந்து முடித்துவிட்ட ஒரே மனிதர் எங்கள் ‘ஒருவேளை’ சார்தான். பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்த்த பம்ப் பாகங்கள் செய்யும் கம்பெனியில், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவுக்கு அவர் இன்சார்ஜ்; நான் அவருக்குக் கீழே பெட்டி எண்ணுகிறவன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எந்த வாக்கியத்தையும் ‘ஒருவேளை’ என்று ஆரம்பிப்பவரை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

மணி கேட்டால்கூட நேராகப் பதில் வராது. “என் வாட்ச்சுல ஒன்பது. ஒருவேளை வாட்ச் ஸ்லோவா இருக்கலாம். நீ எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுக்கோ” என்பார். லிங்கராஜபுரத்தில் ஒண்டிக்கட்டையாக இருந்தார். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “பொண்ணு பார்க்கப் போனேன்பா. ஒருவேளை அந்தப் பொண்ணுக்கு என்னைப் பிடிச்சுட்டா என்ன பண்றதுன்னு வந்துட்டேன்” என்றார்.

எங்கள் சரக்கு முழுவதும் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறது. அதனால் சென்னைக்குப் போவது எப்படி என்பதில் கம்பெனிக்கே அவர்தான் அத்தாரிட்டி. யார் போவதாக இருந்தாலும், என்ன வேலையாகப் போனாலும், முதலில் அவர் மேஜைக்குப் போக வேண்டும். அவரிடம் மூன்று பிளான்கள் இருந்தன. ‘மாதக் கடைசி பிளான்’ என்றால் ரிசர்வ் செய்யாத பெட்டி, ஜோலார்பேட்டை வரை நின்றுகொண்டே பயணம், வீட்டுப் புளிசாதம், திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில். ‘சம்பளத் தேதி பிளான்’ என்றால் கண்டோன்மென்டில் ஏறி சேர் கார், டீசன்டான லாட்ஜ். மூன்றாவது, ‘மாமனார் பிளான்’. அதாவது இன்னொருவர் செலவில் விமானம். அதை மட்டும் அவர் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. “நீ ஏர்போர்ட் போய்ச் சேர்ற நேரத்துல ரயில்ல போனவன் காட்பாடியில காபி குடிச்சிருப்பான்” என்பார்.

எந்த பிளானாக இருந்தாலும் முக்கால்வாசி, பெங்களூரை விட்டு வெளியே போவதைப் பற்றியே இருக்கும். “சென்னை பக்கம்தான்பா. பெங்களூருதான் தூரம்” என்பது அவருடைய சித்தாந்தம். ஒருவேளை மழை பெய்து அண்டர்பாஸில் தண்ணீர் நின்றால்? ஒருவேளை பந்த் அறிவித்து அத்திப்பள்ளி எல்லையில் வண்டியை மறித்தால்? ஒருவேளை ஆட்டோக்காரர் மீட்டர் போட மாட்டேன் என்று சொல்லி, அந்தச் சண்டையிலேயே ரயில் போய்விட்டால்? எல்லாவற்றுக்கும் மாற்று வழி எழுதி, கார்பன் வைத்து மூன்று காப்பி எடுத்துக் கையில் கொடுப்பார்.

ஈஜிபுராவிலிருந்து வரும் பேக்கிங் முனிராஜு, புது மனைவிக்குக் கடலைக் காட்ட ஆசைப்பட்டு அவரிடம் போனான். வெயில், வேர்வை, அலை, அலைக்குப் பின்னால் வருகிற பெரிய அலை, கூட்டத்தில் தொலைந்துபோனால் நிற்க வேண்டிய இடம் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஜோடி அல்சூர் ஏரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

தொழிலில் அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, முழுச் சரக்கையும் ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது. ஒரு லாரி நின்றுபோனாலும் பாதியாவது போய்ச் சேர வேண்டும். இரண்டு, லாரி ஒவ்வொரு டோல்கேட்டைத் தாண்டியதும் டிரைவர் இறங்கி, நம்பர் பிளேட் தெரிய, வண்டியோடு நின்று போட்டோ அனுப்ப வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சலானில் “எண்ணிப் பார்த்தது, மறுபடி எண்ணிப் பார்க்கவும்” என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவார். தன் வாயால் எதற்கும் அவர் உத்தரவாதம் கொடுத்ததை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் நிச்சயதார்த்தப் பயணம் சிக்கியது.

எனக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் மாமாவும்தான் வரன் பார்த்தார்கள். சேலத்தில் ஒரு இடம் கிட்டத்தட்ட முடிந்து, நாங்கள் ராகு காலத்தில் போய் இறங்கியதால் கைநழுவிப் போயிருந்தது. இப்போது ராயபுரத்தில் தேவி. மூன்று வாரம் போனில் பேசியிருந்தோம். “பெங்களூர்ல நிஜமாவே குளிருமா, சும்மா சொல்றாங்களா?” என்று கேட்டாள். இந்த ஒரு கேள்விக்கு மூன்று நாள் பதில் சொன்னேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வானேன்.

தேவியின் அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் அம்மாவிடம் கறாராகச் சொல்லியிருந்தார். “வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள தட்டு மாத்திடணும்மா. அதுக்கு மேல ராகு காலம். மறுநாள் ஆடி பொறக்குது. என் தங்கச்சி சொன்ன துபாய் மாப்பிள்ளை வீட்ல வேற கேட்டுக்கினே இருக்காங்க. தவறிச்சுன்னா அப்புறம் நான் என் தங்கச்சிக்குப் பதில் சொல்ல முடியாது.”

விஷயத்தைக் கேட்டதும் ஒருவேளை சாருக்கு முகம் வெளிறிவிட்டது. கல்யாணம் எனக்கா அவருக்கா என்று சந்தேகம் வந்தது. இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பிளான் போட்டார். நான் முக்கியச் சரக்காம். அதனால் ஒரு நாள் முன்னதாகவே ரயிலில், அவர் துணையோடு போக வேண்டும். அம்மாவும் மாமாவும் சீர்த்தட்டுகளோடு வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு வாடகைக் காரில் கிளம்ப வேண்டும்.

“எல்லாரும் ஒண்ணா ரயில்லயே போயிடலாமே சார்” என்றேன்.

“ஒருவேளை ரயில் நின்னுபோச்சுன்னா? மொத்த குடும்பமும் குப்பம் ஸ்டேஷன்ல நிக்கும். பேடாப்பா, வேண்டாம்” என்றார்.

எனக்கு ஒரு சலானும் போட்டார். பொருள்: மாப்பிள்ளை. எண்ணிக்கை: ஒன்று. நிலை: மறுபடி பார்க்கவும். சிரிக்காமல் அதைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பொத்தானும் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை பத்திரமாகச் சென்னையில் இறங்கினோம். மேன்ஷனில் மின்விசிறி கழன்று விழலாம் என்று என் கட்டிலைச் சுவரோரம் தள்ளினார். மெரினா நடக்கிற தூரம்தான், பார்த்துவிட்டு வரலாம் என்றேன். “நிச்சயம் முடியற வரைக்கும் கடல் பக்கமே போகக் கூடாது” என்றார். அவர் கூடவே ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்திருந்தது. எங்கள் கம்பெனிப் பெட்டி. ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி வேறு. கேட்டால், “அப்புறம் சொல்றேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு அம்மாவின் போன். நாங்கள் ராயபுரத்தில் ஆட்டோவை விட்டு அப்போதுதான் இறங்கியிருந்தோம்.

“டேய் குமாரு, வேலூர் டோல்கேட்ல ஒரு மணி நேரமா நிக்கிறோம்டா. உங்க சார் சொன்னாருன்னு போட்டோ எடுக்க எல்லாரும் எறங்குனோம். டிரைவரும் படத்துல இருக்கணுமாமே. ஏசி ஓடட்டும்னு வண்டியை ஆஃப் பண்ணாம எறங்கினான். கதவு லாக் ஆயிடுச்சு. சாவி உள்ள.”

“தட்டெல்லாம்?”

“உள்ளதான் இருக்கு. கண்ணாடி வழியா நல்லாத் தெரியுது. அதுங்க ஏசியில ஜில்லுனு இருக்கு. நாங்கதான் பட்டுப்புடவையோட வெயில்ல நிக்கிறோம். கண்ணாடியை உடைக்கலாம்னா டிரைவர் அழறான்டா.”

போட்டோ மட்டும் சரியாக வந்து சேர்ந்தது. மூன்று பேர், நம்பர் பிளேட், பின்னால் பூட்டிய கார். எடுத்துக் கொடுத்தது வேர்க்கடலை விற்கிறவராம். படத்தில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் விஷயம் தெரிந்திருக்கவில்லை.

அந்த நிமிஷமே கதவு திறந்தாலும் பத்தரைக்குள் ராயபுரம் வர முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். திரும்பிப் பார்த்தால் அவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. “என்னாலதான்பா, என்னாலதான்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கி நிறுத்தினேன்.

உள்ளே போனோம். காபி, டிபன் என்று ஒன்பதரை வரை தள்ளிப்போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். தேவியின் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை வந்துட்டீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா தட்டு இல்லாம எதை மாத்துறது?” என்றார் தேவியின் அப்பா.

அப்போதுதான் ஒருவேளை சார் பெட்டியை முன்னால் நகர்த்தி, “ஒருவேளை கார் வராமப் போயிட்டா என்ன பண்றதுன்னு ஒரு ஸ்பேர் செட் கொண்டாந்தேன் சார்” என்றார். பட்டையை வெட்டித் திறந்தால் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழம், பூ, புடவை, வெள்ளித் தட்டு இரண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாக வைக்கோல் வைத்துக் கட்டியிருந்தது. மேலே பேக்கிங் லிஸ்ட், மூன்று காப்பி. தேவியின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லிஸ்ட்டைக் கையில் வாங்கினார். பழைய பழக்கம் போலிருக்கிறது, ஒவ்வொன்றாக எண்ணி டிக் போட்டார். தேங்காயை மட்டும் இரண்டு தடவை எண்ணினார்.

“கணக்கு சரியா இருக்கு” என்று நிமிர்ந்தார். “தட்டு வந்துடுச்சு. மாத்துறதுக்கு உங்க பக்கம் பெரியவங்க யாரு?”

பூவுக்குக்கூட ஸ்பேர் கொண்டுவந்தவர் மாமாவுக்கு ஸ்பேர் கொண்டுவர மறந்துவிட்டார். மணி பத்தாகப் போகிறது. என் போனில் தேவியின் மெசேஜ் வந்தது. அடுத்த அறையிலிருந்துதான் அனுப்பியிருந்தாள். ‘அப்பா யோசிக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். உங்க சாரைப் பேசச் சொல்லுங்க.’

பேச வேண்டியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். மணியைக்கூட நம்பிச் சொல்லாத மனிதர்.

தேவியின் அப்பாவே கேட்டார். “நீங்க பையனுக்கு என்ன ஆகணும் சார்?”

“டெஸ்பாட்ச் சார்” என்றார் இவர்.

“அது தெரியுது. பெரியவங்க வரலைன்னா நீங்கதான் உட்காரணும்.”

“நான் சர்ச்சுக்குப் போறவன் சார். ஒருவேளை உங்க வீட்ல யாராவது தப்பா நினைச்சா...”

“ஹார்பர்ல என்கூட டிபன் பாக்ஸைப் பகுந்துக்கின பாதிப் பேர் சர்ச்சுக்குப் போறவங்கதான். அது இல்ல என் கேள்வி. பொண்ணைக் குடுக்கறேன். இந்தப் பையனுக்கு நீங்க ஜவாப்தாரியா?”

தீர்ந்தது, மூட்டையைக் கட்டிக்கொண்டு துபாய்க்காரனுக்கு வழிவிட வேண்டியதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். ஒருவேளை சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். உதடு ‘ஒ’ என்று குவிந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அதை மாற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“சார், நீங்களும் சரக்கு எண்ணினவரு. உங்களுக்குப் புரியும். இருபத்தாறு வருஷமா பெட்டி எண்ணறேன். எங்க முதலாளி எண்ணினாலும் நான் மறுபடி எண்ணுவேன். நானே எண்ணினதையும் மறுபடி எண்ணுவேன். இந்தப் பையன் ஆறு வருஷமா என்கிட்ட இருக்கான். இவன் எண்ணினதை மட்டும் நான் திரும்ப எண்ணினதே இல்ல.”

எனக்கே அது அதுவரை தெரியாது. ஆறு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தும் தெரியாது.

தேவியின் அப்பா ஜமக்காளத்தைத் தட்டி, “வாங்க சார், எதிர்ல உட்காருங்க. ஐயரே, ஆரம்பியுங்க” என்றார். பத்து இருபதுக்குத் தட்டு மாறியது. தட்டைக் கொடுக்கும்போதும் அவர் மறுபடி எண்ணப் போனதில் ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியது. தேவி வெளியே வந்து அதை எடுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டரைக்கு அம்மாவும் மாமாவும் வந்து சேர்ந்தார்கள். லக்னப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் என்ற இடத்தில் ஒருவேளை சார் கையெழுத்தைப் பார்த்து மாமா குதித்தார். வேறு தாள் எழுதச் சொன்னார். வெயிலில் கறுத்துப் போயிருந்த அம்மா அதை ஒருமுறை படித்துவிட்டு, “இருக்கட்டும் விடுடா. சரியான ஆளுதான் போட்டிருக்காரு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அந்தத் தாள் எங்கள் பீரோவில் இருக்கிறது. தேவிக்கும் எனக்கும் சண்டை வராமல் இல்லை, நன்றாகவே வரும். கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் போகிறவன், சில நாள் அதை எடுத்து அந்தக் கோணல்மாணல் கையெழுத்தைப் பார்ப்பேன். செருப்பைக் கழற்றிவிடுவேன். ஆயுளில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவனுக்காக அந்த மனிதர் உத்தரவாதம் கொடுத்தார். அது பொய்யாகிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.