நைனா கெட்டிச்ச அளவு

சின்னதுரை சுட்ட குண்டு, துப்பாக்கியை விட்டு வெளியே வந்து அவன் காலடியிலேயே விழுந்தது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி பூமாலை திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா மாமா, அதுக்கு வூட்ட வுட்டுப் போவ மனசில்லையா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடித் திருவிழா நெருங்கிவிட்டது. கல்வராயன் மலையடியிலிருக்கும் அந்த ஊரில், புளியமரத்து உச்சியில் கட்டிய தேங்காய் ஒரே வெடியில் விழுந்தால்தான் தேர் நகரும். சுடும் உரிமை சின்னதுரையின் குடும்பத்துக்கு. தேங்காய் விழாவிட்டால் அந்த உரிமை பங்காளி அய்யனார் வீட்டுக்குப் போய்விடும்.

அவன் அப்பா, நைனா, இருந்தவரை தவறியதே இல்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துப்பாக்கிக் குழாயில் வெடிமருந்தைக் கெட்டிப்பார். புகை கலைவதற்குள் தேங்காய் கீழே கிடக்கும். உடனே சிறுவனாயிருந்த சின்னதுரையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அவர் சட்டையில் அந்தக் கந்தக வாசனை மறுநாளும் போகாது. அதை மோந்துகொண்டே அவன் தூங்கிய நாட்கள் உண்டு. போன தையில் நைனா போய்விட்டார். நாட்டுத் துப்பாக்கியும் லைசென்சும் மகன் பெயருக்கு வந்தன. எவ்வளவு மருந்து கெட்டிப்பார் என்பது மட்டும் வரவில்லை.

மருந்தைக் கூட்டினான். தோள் வீங்கியது. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓட்டையானது. கொல்லையில் கட்டியிருந்த தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

குண்டு குழாய்க்குள் ஆடுவதுதான் கோளாறு என்று தோன்றியது. தேங்காய் நாரைத் திணித்துச் சுட்டான். நார் எரிந்துகொண்டே பறந்துபோய் வைக்கோல் போரில் உட்கார்ந்தது. அணைக்கலாம் என்றால் தொட்டியில் தண்ணீர் இல்லை.

கள்ளக்குறிச்சிக்குப் போய், கரீம் பாய் கடையில் ஏலக்காய் நிறுக்கும் குட்டித் தராசை இரவல் வாங்கி வந்தான். மருந்தை நிறுத்துப் போட்டதில் தேங்காய்க்குப் பக்கத்துக் கிளை முறிந்தது. நெருங்கிவிட்டான். குண்டைச் சுற்ற வழவழப்பான துணிதான் பாக்கி. அது பீரோவில் கிடைத்தது. அடுத்த வெடியில் தேங்காய் நடுவில் பிளந்தது.

அவன் குதித்துக்கொண்டிருந்தபோது, கருகிய துண்டுத்துணியைப் பூமாலை தரையிலிருந்து பொறுக்கினாள்.

"இது ஏது மாமா?"

"உள்பக்கம்தான்டி வெட்னேன். கட்னா தெரியாது."

"என் கூரப் பொடவையா?"

அதற்குப் பிறகு அவளிடமிருந்து சோறு மட்டும் வந்தது, அதுவும் உப்பில்லாமல்.

திருவிழாவன்று ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. சின்னதுரை கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, நைனாவைப் போலவே நின்று கெட்டித்தான். குறி பார்த்தான். சுட்டான்.

தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது. மேளம் முழங்க, தேர் நகர்ந்தது. அய்யனாரே வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ நாள் கழித்துப் பூமாலை சிரித்தாள். சின்னதுரை தன் சட்டையை மோந்து பார்த்தான். அதே வாசனை. கண் கலங்கிவிட்டது.

"நைனாவோட அளவு கெடச்சிடுச்சு" என்றான்.

கூட்டம் தேரின் பின்னால் போனதும், புளியமரத்து இலைகளுக்குள்ளிருந்து ஒருவன் சறுக்கிக்கொண்டு இறங்கினான். வருஷா வருஷம் மலையிலிருந்து வந்து தேங்காய் கட்டுகிற சடையன். கட்டியதும் அவன் இறங்கிவிடுவான் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. தலையெல்லாம் தேங்காய்ச் சில்லு, கையில் அரிவாள். நேரே வந்து சின்னதுரையின் காதருகே குனிந்தான்.

"இன்னா சின்னவரே, குண்டையுமா சேத்துக் கெட்டிச்சீங்க? பெரியவரு எந்நாளும் வெறும் மருந்துதான் கெட்டிப்பாரு, சத்தம் கேட்டதும் மேல குந்திகினு இருக்கிற நான்தானே கயித்த அறுத்து வுடுவேன்."